பெயில் கிடைத்தும் புழலில் இருப்பவர்கள்: குடியிருப்போர் சங்கம் ஜாமீன்தாரர்களைத் திரட்டுவது எப்படி?

குடியிருப்போர் சங்கச் செயலாளர்
வணக்கம். மறுகுடியமர்வுப் பகுதியைச் சேர்ந்த மூன்று பேருக்கு பெயில் ஆர்டர் ஆகிவிட்டது. ஆனால் இன்னும் புழல் 2 சிறையில்தான் இருக்கிறார்கள். தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு சூரிட்டி (ஜாமீன்தாரர்), அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று ஆர்டர் சொல்கிறது. அக்கம்பக்கத்தாரிடம் வீட்டு வாரியத்தின் ஒதுக்கீட்டு ஆணைதான் இருக்கிறது. வீட்டு வரி ரசீதோ பத்திரமோ கிடையாது. கோர்ட் வாசலில் காசுக்குக் கையெழுத்துப் போடுபவர்களிடம் போக விருப்பமில்லை. சங்கமாக என்ன செய்யலாம்? ஜாமீன் நின்றவர் பணம் கட்ட வேண்டி வருமா?

எழும்பூர் வக்கீல்
காசுக்கு நிற்பவர்களிடம் போகாதீர்கள். ஒவ்வொரு ஜாமீன்தாரரும் இதுவரை எத்தனை பேருக்கு நின்றிருக்கிறார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., பிரிவு 486). அதில் பொய் இருந்து பின்னால் தெரிந்தால் நீதிமன்றம் வேறு நல்ல ஜாமீன் கேட்கும். கொடுக்க முடியாவிட்டால் வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போவார். அதே காரணத்துக்காகச் சங்கத்தில் வீட்டு ரசீது வைத்திருக்கும் ஒரே ஆளை எல்லாருக்கும் நிறுத்தாதீர்கள். ஒருவருக்கு ஒருவர் என்று பிரித்து, நோட்டில் எழுதி வையுங்கள்.

10,000 என்பது பிணைப் பத்திரத்தில் எழுதும் தொகை. அன்றைக்குக் கட்டும் பணம் இல்லை. குற்றம்சாட்டப்பட்டவர் வாய்தாவுக்கு வராமல் தலைமறைவானால்தான் 491-ன் கீழ் ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ் வரும்; அப்போதும் காரணம் சொல்லலாம், நீதிமன்றம் தொகையைக் குறைக்கலாம். ஆள் ஓடிவிடுவான் என்று சந்தேகம் வந்தால் 489-ல் மனு போட்டு ஜாமீன்தாரர் முன்கூட்டியே விலகிக்கொள்ளவும் முடியும். கையெழுத்துப் போடப்போகிறவரிடம் இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆர்டர் கடுமையாக இருந்தால் அதை மாற்றக் கேளுங்கள். தொகையைக் குறைக்க பிரிவு 484, ஜாமீனுக்குப் பதில் பணம் கட்ட பிரிவு 490. ரத்த உறவு வெளியூரில் இருந்தாலோ இல்லாமலே போனாலோ ஆர்டர் போட்ட நீதிமன்றத்திலேயே திருத்த மனு போடலாம். 1978-ல் மோதி ராம் வழக்கில் ஒரு கொத்தனாரிடம் மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். ஜாமீன் நிற்க வந்த சகோதரர் வேறு மாவட்டம் என்று நிராகரித்தார். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ கைதாகும் தமிழன் என்ன செய்வான் என்று அந்தத் தீர்ப்பிலேயே கேட்டிருக்கிறார். மனுவில் தாராளமாக இதைக் குறிப்பிடலாம்.

சட்டத் தொண்டர்
வக்கீல் சார் சொன்னதோடு சிறைப் பக்கத்து வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி 31 உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, பெயில் கிடைத்து 7 நாளில் வெளியே போகாதவர் விவரத்தைச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்த நீதிமன்றமே எடுத்துப் பார்க்கலாம். சிறையில் ஆள் கூட்டமாக இருக்கும்போது இந்தத் தகவல் போகாமல் தேங்கிவிடும். எட்டாம் நாளே சங்க லெட்டர்பேடில் செயலருக்கு மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். கைதி பெயர், அப்பா பெயர், ஸ்டேஷன், குற்ற எண், பெயில் தேதி ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 15100-க்குப் போன் செய்யுங்கள், இலவசம்.

பணம்தான் தடை என்றால் ஏழைக் கைதிகளுக்கான ஒன்றிய அரசுத் திட்டம் இருக்கிறது. 2023 வழிகாட்டுதலில் விசாரணைக் கைதிக்கு 40,000 வரையும் அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 வரையும் உண்டு. பிறகு திருத்தங்கள் வந்திருப்பதால் இப்போதைய வரம்பை ஆணைக்குழுச் செயலரிடமே கேளுங்கள். என்.டி.பி.எஸ். (போதைப்பொருள்), ஊழல் தடுப்பு, பணமோசடித் தடுப்பு, உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்பு) வழக்குகளுக்குப் பொருந்தாது. குடும்பத்தின் வருமானத்தை விசாரிக்கும்போது சமூகப் பணியாளர்களின் உதவியை எடுத்துக்கொள்ளலாம் என்று வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. சங்கம் பெரிதாக உதவக்கூடிய இடம் இதுதான்.

சூரிட்டி கொடுத்த பிறகும் நிற்கும் இடங்கள்: ரிலீஸ் ஆர்டரில் அப்பா பெயரோ குற்ற எண்ணோ ரிமாண்ட் வாரண்டோடு ஒத்துப்போகாதது, ஆர்டர் மாலையில் சிறை பூட்டிய பிறகு போய்ச் சேர்வது, வேறு வழக்கில் பி.டி. வாரண்ட் (கைதியை வேறு நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தச் சொல்லும் ஆணை) நிலுவையில் இருப்பது. மூன்றாவதை, கைதியைப் பார்க்க மனு போட்டுப் போகும் நாளிலேயே சிறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். எல்லா வழக்கிலும் பெயில் வாங்காமல் ஒரு வழக்குக்கு மட்டும் சூரிட்டி கொடுத்தால் அலைச்சல்தான் மிச்சம்.

பெரம்பூர் தெருக் குழு
ஆவணம் தேடும் வேலையைக் கைது நடந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது. சம்மதம் சொன்ன பத்துப் பன்னிரண்டு வீடுகளின் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், வீட்டு வரி அல்லது சம்பளச் சான்று நகல், இரண்டு போட்டோ எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். ஒரிஜினல் அவரவர் வீட்டிலேயே இருக்க வேண்டும், சங்கம் வாங்கி வைக்கக் கூடாது. ஒதுக்கீட்டு ஆணையை ஏற்பது அந்தந்த நீதிமன்றத்தைப் பொறுத்தது. அரசு, மாநகராட்சிச் சம்பளம் வாங்குபவர் ஒருவரையாவது பட்டியலில் சேருங்கள்.

வெளியே வந்த பிறகு கவனம் அதிகம் வேண்டும். தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்றால் கூலி வேலைக்குப் போக முடியாது. நான்காம் நாள் வேலைக்குப் போய்விடுவார், கையெழுத்து விட்டுப்போகும், பெயில் ரத்தாகலாம். முதல் இரண்டு வாரம் ஒழுங்காகப் போட்டுவிட்டு நிபந்தனைத் தளர்வு மனு போடச் சொல்லுங்கள். வாய்தா தேதியைத் தெருவில் இரண்டு பேர் குறித்து வைத்திருக்க வேண்டும், முதல் நாள் இரவே வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். இதில் கைதியின் குடும்பத்தை மட்டும் நம்பி விடாதீர்கள். அவர்களுக்கு அன்றைய சாப்பாடே பெரிய கவலை.

குடியிருப்போர் சங்கச் செயலாளர்
மிக்க நன்றி. மூவரில் ஒருவர் மேல் குண்டாஸ் (குண்டர் சட்டம்) போடப்போவதாகப் பேச்சு இருக்கிறது. போட்டுவிட்டால்?

எழும்பூர் வக்கீல்
அப்புறம் சூரிட்டி கொடுத்தாலும் ஆள் வெளியே வர முடியாது. அது தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆவது சட்டப்படி தடுப்புக் காவல், அதிகபட்சம் 12 மாதம். காவல் ஆணையும் அதற்கு ஆதாரமான ஆவணக் கட்டும் கைக்கு வந்ததும் அரசுக்கு எழுத்து மூலம் முறையீடு அனுப்புங்கள். அதைப் பரிசீலிக்க அரசு காரணமில்லாமல் தாமதித்தால், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவுக்கு அதுவே வலுவான வாதம். கைதிக்குப் புரியாத மொழியில் ஆவணம் கொடுத்திருந்தாலும், பக்கங்கள் படிக்க முடியாமல் இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற இருவரின் சூரிட்டியை இதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். திங்கட்கிழமையே தாக்கல் செய்யுங்கள்.