இடர்நிறக் கட்டம்: ‘வெப்ப வரைபடம்’ என்பதற்கு ஒரு மாற்று

அன்புடையீர், வணக்கம்.

இடர்களின் (risk) நிகழ்வாய்ப்பையும் தாக்கத்தையும் 1 முதல் 5 வரை மதிப்பிட்டு, அவற்றின் பெருக்கற்பலனை விரிதாளில் பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறமிட்டுக் காட்டும் அட்டவணையை ‘இடர் வெப்ப வரைபடம்’ (risk heat map) என்று அழைக்கலாம் என்னும் முன்மொழிவில் எனக்கு உடன்பாடில்லை. அதில் வெப்பமும் இல்லை, வரைபடமும் இல்லை. உண்மையிலேயே வெப்பநிலையைக் காட்டும் வானிலைப் படத்தோடு அது குழம்பவும் கூடும்.

பெரிய சிக்கல் பொருளில் இருக்கிறது. எக்செலில் பெரிய எண்ணுக்குச் சிவப்பு வரும் மூவண்ண அளவுகோலை இட்டால், தெரிந்தெடுத்த எண்களுள் மிகச் சிறியது பச்சையாகவும், நடுவெண் மஞ்சளாகவும், மிகப் பெரியது சிவப்பாகவும் தாமே அமைந்துவிடுகின்றன. முழு அட்டவணையின் 25 பெருக்கற்பலன்களை வரிசைப்படுத்தினால் நடுவெண் 8. மஞ்சள் அங்கே விழும். இதே அளவுகோலைப் பத்து இடர்கள் மட்டுமே உள்ள பட்டியலுக்கு இட்டால், அவற்றுள் மிகப் பெரியது வெறும் 6 ஆனாலும் அது செக்கச்செவேலென நிற்கும். இது ஓர் எண் மற்ற எண்களை நோக்க எவ்வளவு மிகுதி என்னும் செறிவைக் காட்டுகிறதே அன்றி, நிறுவனம் எவ்வளவு இடரைத் தாங்கும் என்பதைக் காட்டுவதில்லை. அதற்கு நிபந்தனை வடிவூட்டலில் (conditional formatting) எல்லைகளை நாமே விதிகளாக எழுத வேண்டும்: எடுத்துக்காட்டாக, 4 வரை பச்சை, 5 முதல் 12 வரை மஞ்சள், 15-உம் அதற்கு மேலும் சிவப்பு. (13, 14 ஆகியவை இங்கே பெருக்கற்பலனாக வாரா.)

ஆகவே இரண்டுக்கும் இரண்டு சொற்கள் தேவை. நிறம் தானே அமையும் முதலாவதைச் ‘செறிவுநிறப் படம்’ என்றும், எல்லைகளை நாமே விதிக்கும் இரண்டாவதை ‘இடர்நிறக் கட்டம்’ என்றும் வழங்கலாம். ‘கட்டம்’ என்பதற்குப் பதிலாக ‘அணி’ (matrix) என்றால் தமிழகக் கணக்குப் பாடத்தோடு நின்றுவிடும். இலங்கையில் அதுவே ‘தாயம்’. கட்டமோ இரு நாட்டாருக்கும் பொது. சாதகக் கட்டத்தைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லிப் பழகிய நமக்கு விளக்கமே வேண்டாம். ‘இடர்’ என்பதற்கு இலங்கை வங்கித்துறையில் வழங்கும் ‘இடர்நேர்வு’ நல்ல சொல்லே எனினும், கூட்டுச்சொல்லில் நீண்டுவிடுகிறது.

சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாதவர்களுக்காகச் சிற்றறையில் (cell) எண்ணையும் விட்டுவைப்பது நல்லது. ‘படம்’ என்பதைவிடக் ‘கட்டம்’ அந்த எண்ணுக்கும் இடம் தருகிறது. தனியே ‘நிறக்கட்டம்’ என்று சுருக்கினால் நிறமிட்ட எந்தச் சிற்றறையையும் குறித்துவிடும் என்பதால், ‘இடர்’ என்பதை விடாமல் எழுதலாம் என்பது என் கருத்து.