எல்லைப்புறக் குழுக்களில் அட்மினாக இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கம்பத்துக்காரர்:
எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஏலக்காய்த் தோட்டக்காரர்களும் ஜீப் ஓட்டுநர்களும் இருக்கிறார்கள். பாதிப் பேர் கம்பம், கூடலூர், மீதி கேரளத்தில் குமுளி, வண்டன்மேடு பக்கம். மலையாளத்தில் வாய்ஸ் போடுகிறவர்களும் உண்டு, அதை யாரும் தப்பாக எடுத்ததில்லை. காய் விலை, கம்பம்மெட்டு ரோட்டில் மரம் விழுந்ததா, நாளைக்கு ஜீப் உண்டா, பேச்சு இவ்வளவுதான். ஐப்பசி மழை பிடித்தால்தான் தலைவலி. முல்லைப் பெரியாறு!

எந்த ஊர் அணையோ, மதகில் தண்ணீர் சீறுகிற வீடியோவை "நம்ம டேம், இப்போ" என்று ஒருவர் தட்டிவிடுவார். அந்தப் பக்கத்து ஆள் பயந்துபோய் ஏதோ கேட்பார், இந்தப் பக்கம் ஒருவர் "142 அடி வரை தண்ணி தேக்கலாம்னு சுப்ரீம் கோர்ட்டே 2014ல சொல்லியாச்சு, உனக்கென்ன" என்று கிளம்புவார், அரை மணி நேரத்தில் பாண்டி, மலையாளத்தான் என்று வசவில் இறங்கிவிடும். 2011 டிசம்பரில் இதே அணைத் தகராறில் குமுளியில் வண்டிகள் நின்றதையும் தோட்டத்தை விட்டு நம் சனங்கள் இறங்கி வந்ததையும் பார்த்தவர்கள் குழுவில் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது வெறும் வாய்ச்சண்டை இல்லை.

"மரியாதையாகப் பேசவும்" என்று முன்பிருந்த அட்மின் எழுதி வைத்திருந்தார். சண்டை போடுகிறவன் எவனும் தான் மரியாதை இல்லாமல் பேசுகிறேன் என்று நினைப்பதில்லையே, அதனால் அது சும்மா கிடந்தது. இப்போது விதி வேறு. நீர்மட்டம் எழுதினால் தேதி, நேரம் வேண்டும். வீடியோ என்றால் எங்கே, யார் எடுத்தது என்று சொல்ல வேண்டும். விலை போட்டால் புத்தடி ஏல மையத்து விலையா போடி மையத்து விலையா, எந்த நாள், உச்ச விலையா சராசரியா என்று வேண்டும் (உச்ச விலையை மட்டும் போட்டு ஆசை காட்டுகிற ஆட்களை உங்களுக்கும் தெரியும்). "யாருண்ணே எடுத்தது?" என்று கேட்டாலே முக்கால்வாசிப் பேர் தாங்களாகவே அழித்துவிடுகிறார்கள்.

போடிமெட்டு:
எங்கள் குழுவில் வேறு தொல்லை. அட்மின் அழித்தால் இன்னார் அழித்தார் என்று பெயரோடு எல்லாருக்கும் காட்டுகிறது இல்லையா, உடனே "அவன் பதிவை விட்டுட்டு என்னோடதை மட்டும் ஏன் தூக்குனே" என்று ஆரம்பிப்பார்கள். அதனால் அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் என்று இரண்டு அட்மின்கள். தமிழ் ஆள் எல்லை மீறினால் தமிழ் அட்மின் அழிப்பார், மலையாளி மீறினால் மலையாளி அட்மின். பாரபட்சம் என்ற பேச்சே அடங்கிவிட்டது.

ஒருவர் அட்மின் மேல் கேஸ் போடுவேன் என்று மிரட்டினார். வெறுமனே அட்மினாக இருந்ததற்காக ஒருவரை வழக்கில் சேர்க்க முடியாது என்று 2021 டிசம்பரில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும் சொல்லியிருப்பதை எடுத்துப் போட்டோம், ஆள் அமைதி. அட்மினே கண்டதை ஃபார்வர்டு செய்தால் அது வேறு கதை.

ஜீப் டிரைவர்:
எல்லாத்துக்கும் தேதி, நேரம் கேட்டால் ராத்திரி மண்சரிவு என்றால் நாங்கள் என்ன செய்வது அண்ணே?

கம்பத்துக்காரர்:
ரோட்டு விஷயத்துக்கு எந்த விதியும் கிடையாது தம்பி. முதலில் போட்டுவிடு, எந்த வளைவு என்று அப்புறம் கேட்டுக்கொள்கிறோம்.