கன்று வீச்சு நோய்: உங்க வீட்ல யாருக்காவது வந்திருக்கா?

எங்கப்பாவுக்கு வந்தது. வயசு 58. ஈரோட்டுக்குத் தெற்கே நாலு மாடு, கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் சோளம். பொழுது சாஞ்சா காய்ச்சல் ஏறும், ராத்திரி வேர்த்துப் பாயெல்லாம் நனையும், விடிஞ்சா எழுந்து பால் கறக்கப் போயிடுவார். அதனாலேயே யாரும் பெரிசா எடுத்துக்கலை. விடால் டெஸ்ட் பார்த்து டைபாய்டுன்னு மாத்திரை. அப்புறம் இடுப்பு வலிக்கு ஊசி. அப்புறம் டிபியோன்னு எக்ஸ்ரே. மூணு மாசத்துல எட்டு கிலோ இறங்கிட்டார்.

கடைசியா கோயம்புத்தூர்ல ஒரு டாக்டரம்மா கேட்டாங்க: "வீட்ல மாடு இருக்குங்களா? கன்னு ஏதாச்சும் வீசுச்சுங்களா?"

வீசியிருந்தது. ஏழாம் மாசச் சினையிலயே கன்னு செத்து விழுந்துச்சு. நஞ்சுக்கொடி விழலைன்னு அப்பா வெறுங்கையை விட்டுத்தான் எடுத்தார். வழக்கம்போல வைக்கோல்ல சுருட்டி ஆலமரத்துல கட்டிட்டு வந்தோம். ரத்தம் சோதிச்சதுல 1:640-ன்னு ரொம்ப அதிகமா வந்தது, மாட்டுகிட்டருந்து தொத்துன புருசெல்லாங்கிற கிருமிதான்னாங்க. அந்தப் பேரையே அன்னைக்குத்தான் கேள்விப்பட்டோம். டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் ஆறு வாரம். ரிஃபாம்பிசின் போட்டா சிறுநீர் செக்கச்செவேல்னு போகும்னு யாரும் சொல்லலை. மொத நாள் "கிட்னி போச்சுடா"ன்னு திண்ணையில உட்கார்ந்துட்டார்.

அப்பா மட்டும் கறந்த சூட்டோட ஒரு சொம்பு பச்சைப்பால் குடிப்பார். நாங்க எல்லாம் காப்பிக்காரங்க. எங்க யாருக்கும் ஒண்ணும் வரலை.

சவூதியிலிருந்து திரும்பியவர்

தம்பி, உங்க அப்பாவுக்கு மூணு மாசம் ஆச்சு, எனக்கு மூணே நாள்ல கண்டுபிடிச்சுட்டாங்க. அங்கே காய்ச்சல்னு போனாலே மொத கேள்வி "பச்சைப்பால் குடிச்சியா?"தான். எங்க கஃபீலுக்கு (என்னை வேலைக்கு வச்சிருந்த அரபி) பாலைவனத்துல ஒட்டகப் பண்ணை. வெள்ளிக்கிழமை போனா நுரையோட ஒரு கிண்ணம் நீட்டுவார், வேண்டாம்னா மரியாதை இல்லை. நானும் குடிச்சேன். மூட்டு வலி, காய்ச்சல், கூடவே விரை வீங்கிடுச்சு. வெட்கத்துல அதை மறைச்சுட்டேன், டாக்டரே பார்த்துச் சொன்னார், இதுவும் இந்த நோய்தான்னு. அரபியில "ஹும்மா மால்தியா"ன்னாங்க. மால்டா காய்ச்சலாம். ஏன் மால்டான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

கால்நடை மருத்துவர்

மால்டா தீவுல இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு வந்த காய்ச்சல் அது. செத்துப்போன சிப்பாய்களோட மண்ணீரல்ல இருந்து 1887-ல கிருமியைப் பிரிச்செடுத்தவர் டேவிட் புரூஸ். அவர் பேர்தான் புருசெல்லாவுக்கு. ஆனா அது ஆட்டுப்பால் வழியா வருதுன்னு 1905-ல கண்டவர் அந்த ஊர்க்காரர் ஸாமிட். பார்க்க நல்லா கொழுகொழுன்னு இருந்த ஆடுகள்தான், நோய்க்கான அறிகுறியே கிடையாது. படைக்கு ஆட்டுப்பாலை நிறுத்தினதும் காய்ச்சல் படுத்துடுச்சு.

என் கதை வேற. தடுப்பூசி முகாம்ல ஒரு கிடேரிக்கன்னு துள்ள, ஊசி என் கட்டைவிரல்ல இறங்கிடுச்சு. கன்று வீச்சுக்குப் போடுற அந்த எஸ்19 தடுப்பூசியில இருக்கிறது உயிருள்ள கிருமி. கன்னுக்குப் பாதுகாப்பு, மனுஷனுக்கு நோய். மூணு வாரம் மாத்திரை போட்டேன், காய்ச்சல் வரலை. (பெண் கன்னுக்கு 4 முதல் 8 மாசத்துக்குள்ள, ஆயுசுக்கு ஒரே தடவை. காளைக்கன்னுக்குப் போடுறதில்லை.) கொங்குப் பக்கம் அந்த ஆலமரத்து மூட்டையைப் பார்த்தாலே எனக்கு வயித்தைக் கலக்கும். கன்னு வீசின மாட்டோட நஞ்சுக்கொடியில கிருமி கோடிக்கணக்குல இருக்கும். பாதி நாள் அதை நாய்தான் இழுத்துட்டுப் போகுது. சுண்ணாம்பு போட்டு ஆழமாப் புதைங்க. கையுறை இல்லாம கையை விடாதீங்க.

லேப் டெக்னீஷியன்

ரத்தம் அனுப்புறப்போ "மாடு வளர்க்கிறவர்"னு சீட்டுல ஒரு வார்த்தை எழுதச் சொல்லுங்க. எங்களுக்கு ஒரு தடவை வெறும் "காய்ச்சல்"னு வந்தது. இந்தக் கிருமி மூச்சு வழியாவும் தொத்தும், அது தெரியாம கிருமி வளர்ந்த தட்டைப் பாதுகாப்புப் பெட்டிக்குள்ள வைக்காம மேசையிலேயே திறந்துட்டோம். ரூம்ல இருந்த நாலு பேரும் மாத்திரை முழுங்கினோம்.

ஆடு வளர்க்கும் அக்கா

பேரனுக்கு ஆட்டுப்பால் குடுக்கலாமா டாக்டர்? அப்புறம் அந்தத் தம்பியைக் கேட்கிறேன், கன்னு வீசுன மாடு என்னாச்சு?

கால்நடை மருத்துவர்

பொங்கக் காய்ச்சிக் குடுங்க அக்கா, பயமில்லை. மாட்டைப் பத்தி நானே கேட்கணும்னு இருந்தேன். பெரும்பாலும் ஒரு தடவைதான் கன்னு வீசும். அடுத்த ஈத்து நிறைமாசமாவே போடும். தேறிடுச்சுன்னு நினைப்போம். ஆனா பால்லயும் ஈனுற நீர்லயும் கிருமி வந்துட்டே இருக்கும்.

திரியைத் தொடங்கியவர்

மாடு இப்ப எங்ககிட்ட இல்லைங்க. ரெண்டாம் மாசம் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் பத்தலைன்னு வியாழக்கிழமைச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போனோம். அப்ப நோய் என்னன்னு தெரியாது. தெரிஞ்சதும் தரகரைப் பிடிச்சுக் கேட்டேன், கை மாறி கேரளா பக்கம் போயிடுச்சுன்னார், ஆள் பேரு நினைவில்லையாம். வாங்கினவர் மடியைத் தடவிப் பார்த்துட்டு "கன்னு எங்கே?"ன்னு ஒண்ணுதான் கேட்டார். செத்துப்போச்சுங்கன்னார் அப்பா.