மிசலனி என்பதற்கு ‘உதிரித்திரட்டு’: ஒரு முன்மொழிவு

கலைச்சொற்பட்டியல் உருவாக்கும் நம் குழுவின் நண்பர்களுக்கு வணக்கம்.

18ஆம் நூற்றாண்டு ஆங்கில இலக்கியத்தில் ‘மிசலனி’ (miscellany) எனப்பட்ட, பலவகை எழுத்துகளைச் சேர்த்துத் தந்த நூல்வகைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு, இதுவரை தொகைநூல், கலம்பகம், கதம்பம், பல்சுவைத் தொகுப்பு என நான்கு விடைகள் இங்கே வந்துள்ளன. நான்கும் பொறுப்போடு முன்வைக்கப்பட்டவை. ஆனால் நான்குமே அந்நூல்களின் உள்ளே என்ன இருந்தது என்பதைப் பார்த்துப் பிறந்த பெயர்கள். அவை எவ்வாறு உருவாயின, அவற்றில் இடம்பெற்றவை எங்கிருந்து வந்தன என்பதைப் பார்த்தால் வேறொரு சொல் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை விளக்குவதற்கு முன் அந்த நூல்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொருளை அறியாமல் ஆக்கிய கலைச்சொல் நிலைத்ததில்லை.

அக்காலத்து லண்டனில் ஓர் அங்கதப் பாட்டு, அதாவது கேலியால் தாக்கும் பாட்டு, எழுதப்பட்டால் அது நேராக நூலாகிவிடவில்லை. முதலில் கையெழுத்துப் படியாக நண்பர்களிடையே சுற்றியது. காபிக் கடைகளில் கைமாறியது. ஒற்றைத் தாளாகவோ சில பக்கச் சிறுவெளியீடாகவோ அச்சாகித் தெருவில் விற்றது. செய்தித்தாளின் ஒரு மூலையில் பெயரின்றி வந்தது. சில கிழமைகளில் தாள் கிழிந்து, பாட்டு மறைந்துபோவதே இயல்பு. இப்படிச் சிதறிக் கிடந்தவற்றை ஒரு பதிப்பாளரோ பெயர் சொல்லாத ஒரு தொகுப்பாளரோ சேர்த்து அச்சிட்டபோது பிறந்ததே மிசலனி. இங்கிலாந்தை ஆண்ட ஸ்டூவர்ட் மன்னர்களின் ஆட்சியைத் தாக்கிய கவிதைகள் அச்சில் வர முடியாத காலத்தில் கையெழுத்துப் படிகளாகவே உலவியிருந்தன. ‘அரசு நடப்புகள் பற்றிய கவிதைகள்’ என்னும் பொருளுடைய தலைப்பில் 1689 முதல் 1707 வரை வந்த தொகுதிகள் அவற்றைத் தேடி எடுத்து அச்சேற்றின. இடையே 1695இல் அச்சுக்கு முன்னனுமதி கேட்ட சட்டம் காலாவதியானது இத்தகைய நூல்களுக்குப் பெரிய வாசலைத் திறந்துவிட்டது.

அங்கத எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்டின் எழுத்துகளையே எடுத்துக்கொள்ளலாம். பஞ்சாங்கக்காரரான பார்ட்ரிட்ஜ் இன்ன நாளில் இறப்பார் என்று பிக்கர்ஸ்டாஃப் என்ற புனைபெயரில் ஸ்விஃப்ட் 1708இல் வெளியிட்ட பொய்ச் சோதிடம் ஒரு சிறுவெளியீடு. நகரத்து மழையைப் பற்றிய அவருடைய கவிதை 1710இல் ‘டாட்லர்’ என்னும் பருவ இதழில் வந்தது. இவையும் இவற்றைப் போன்ற வேறு பலவும் 1711இல் ‘உரையும் செய்யுளுமான மிசலனிகள்’ என்று ஒரே அட்டைக்குள் சேர்ந்தன. அந்த மழைக் கவிதையையும் அந்தச் சோதிடத்தையும் இணைக்கும் பொருளமைதி எதுவும் இல்லை. இரண்டும் உதிர்ந்து கிடந்தவை, பொறுக்கப்பட்டவை.

இந்த உண்மையை மிகத் துல்லியமாகத் தன் பெயரிலேயே சொன்ன நூல் ஒன்று உண்டு. தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர், பெற்றோரால் தெருவில் விடப்பட்ட குழந்தைகளுக்காக லண்டனில் ஓர் இல்லம் அமைக்க 1739இல் அரச பட்டயம் பெற்றார். 1741இல் முதல் குழந்தைகள் அங்கே சேர்க்கப்பட்டன. இரண்டே ஆண்டுகளில், 1743இல், அந்த இல்லத்தின் பெயரை எடுத்துக்கொண்டு ‘நகைத்திறத்தின் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம்’ என்று மொழிபெயர்க்கத்தக்க தலைப்போடு ஓர் அங்கத மிசலனி வெளிவரத் தொடங்கியது. பெற்றோர் கைவிட விரும்பும் நகைத்திறக் குழந்தைகளை ஏற்றுக் காப்பதற்காக இது வெளிவருகிறது என்று அதன் முகப்பே அறிவித்தது. 1749 வரை ஆறு இதழ்கள் வந்தன. பிரதமர் வால்போல் 1742இல் பதவி இழந்தபின், எதிர்க்கட்சியில் முழங்கியிருந்த புல்ட்னி பிரபுப் பட்டம் பெற்று அடங்கிப்போனதைச் சார்ல்ஸ் ஹான்பரி வில்லியம்ஸ் பாட்டுகளால் குத்திக் கிழித்தார். அவருடைய பாட்டுகள் பலவும் இந்த இல்லத்தில்தான் அடைக்கலம் புகுந்தன. எழுதியவர் பெயரைச் சொன்னால் வழக்கோ பகையோ வரும். சொல்லாவிட்டால் பாட்டு அனாதையாகும். அந்த அனாதைக்கு ஒரு கூரை என்பதே மிசலனி. 1768இல் ஜான் ஆல்மன் என்ற பதிப்பாளர் அதே பெயருக்கு முன் ‘புதிய’ என்று சேர்த்து மீண்டும் ஒரு வரிசையைத் தொடங்கியதிலிருந்து, அந்தப் பெயர் வாசகர் மனத்தில் எவ்வளவு ஆழமாக நின்றிருந்தது என்பது தெரிகிறது.

இனி நம் சொற்களுக்கு வருகிறேன். ‘தொகைநூல்’ என்பதை நான் ஏற்க இயலாமைக்குக் காரணம், தொகை என்ற சொல் நம் மரபில் மிக உயர்ந்த ஒழுங்கைக் குறிக்கிறது என்பதுதான். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் தொகைநிலைச் செய்யுளை விளக்கும்போது, ஒருவர் பாடியதாயினும் பலர் பாடியதாயினும், பொருள், இடம், காலம், தொழில், பாட்டு, அளவு என ஏதேனும் ஒன்றால் கூட்டப்பட்டது என்று நெறி வகுக்கிறது. குறுந்தொகை நான்கடிக்குக் குறையாமலும் எட்டடிக்கு மிகாமலும் அளவால் அமைந்தது. கலித்தொகை பாவகையால் அமைந்தது. அகநானூற்றில் ஒற்றைப்படை எண்ணுள்ளவை எல்லாம் பாலை, இரண்டும் எட்டும் இறுதியாக வருபவை குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்தின் மடங்குகள் நெய்தல். இவ்வளவு நுட்பமாகத் தொடுக்கப்பட்ட மாலையின் பெயரை, அச்சகத்திற்கு வந்து சேர்ந்த வரிசையிலேயே பெரும்பாலும் அடுக்கப்பட்ட ஒரு நூலுக்கு வைத்தால் இரண்டுக்கும் நியாயம் செய்தவர்களாக மாட்டோம். ‘ஆந்தாலஜி’ என்ற கிரேக்கவழிச் சொல்லுக்குத் தொகைநூல் மிகப் பொருத்தம். அதை அங்கேயே விட்டுவிடலாம்.

கலம்பகம் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. கலத்தல் என்ற பொருள் அதில் ஒலிப்பது உண்மைதான் என்றாலும், அது பதினெட்டு உறுப்புகள் கொண்ட, ஒரே புலவர் ஒரே தலைவன்மேல் பாடும் சிற்றிலக்கியம். நந்திக் கலம்பகத்தைப் படித்த மாணவர் அந்தச் சொல்லை ஆங்கில நூல் ஒன்றின்மேல் காணும்போது குழம்பவே செய்வார்.

கதம்பம் என்ற சொல்லைப் பரிந்துரைத்த நண்பரின் வாதம் வலுவானது. மல்லிகையும் கனகாம்பரமும் மட்டுமல்லாமல், பூவே அல்லாத மருவும் துளசியும் கதம்பத்தில் கட்டப்படுகின்றன. செய்யுளோடு உரையும் சேர்ந்த நூலுக்கு இதைவிட நல்ல உவமை எது என்று அவர் கேட்டிருந்தார். இந்த உவமையால் நானும் இரண்டு நாள் கட்டுண்டிருந்தேன். ஆனாலும் கதம்பம் நாரால் கட்டப்பட்டது, மணம் தருவது, சாமிக்கும் கூந்தலுக்கும் போவது. 1731இல் லண்டனில் வெளிவந்த மிசலனி ஒன்று, விடுதிச் சன்னல் கண்ணாடிகளில் வைரத்தால் கீறப்பட்ட வரிகளையும் கழிப்பறைச் சுவர்களில் எழுதப்பட்டிருந்தவற்றையும் திரட்டித் தந்தது. அதன் துணைத்தலைப்பே அதை வெளிப்படையாகக் கூறியது. அதனைக் கதம்பம் என அழைக்க என் மனம் ஒப்பவில்லை. ‘பல்சுவை’ என்பதோ வார இதழ்களின் முகப்பில் நெடுங்காலம் புழங்கி, பொழுதுபோக்கு என்ற பொருளிலேயே ஊறிவிட்டது. சிறைக்குப் போகக்கூடிய துணிவோடு எழுதப்பட்ட வரிகளுக்கு அது மெலிந்த சொல்.

கலவை என்ற கருத்தையே புறக்கணிக்கச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். மிசலனி என்ற சொல்லின் இலத்தீன் வேர் கலத்தலைத்தான் குறிக்கிறது. அங்கதத்தைக் குறிக்கும் ‘சட்டையர்’ என்பதும் ‘சத்துரா’ என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது. பலவகைக் கனிகளால் நிறைந்த படையல் தட்டோடு அச்சொல்லைத் தொடர்புபடுத்துவது பழைய விளக்கம். ரோமானியக் கவிஞர் ஜுவனல் தன் அங்கத நூலைக் கால்நடைகளுக்குக் கலந்து வைக்கும் தீவனத்தின் பெயரால் அழைத்தார். 1764இல் தாமஸ் வார்ட்டன் தொகுத்த ஆக்ஸ்ஃபோர்டு வேடிக்கைக் கவிதைகள் ‘சாசேஜ்’ என்னும் கொத்திறைச்சிப் பண்டத்தின் பெயரைத் தாங்கி வந்தன. ஆகவே அங்கதமும் கலவையும் ஒரே அடுப்பங்கரையில் பிறந்தவை. ஆனால் கலவை என்பது அந்நூலின் தோற்றம். சிதறியவற்றைச் சேர்ப்பது அதன் செயல். கலைச்சொல் செயலைப் பற்றிக்கொண்டால் தோற்றம் தானே உடன்வரும்.

நான் முன்மொழியும் சொல் உதிரித்திரட்டு. பூக்கடையில் தொடுத்த சரத்தை முழத்தால் அளப்பார்கள். உதிரிப்பூவை நிறுத்துத் தருவார்கள். தொகைக்கும் மிசலனிக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த வழக்கில் அடங்கியிருக்கிறது. பதிப்பாளர் ராபர்ட் டாட்ஸ்லி 1761இல் வெளியிட்ட உரைநடைத் தொகுப்பின் ஆங்கிலத் தலைப்பு ‘ஓடிப்போகும் துண்டுகள்’ என்று சொல்வழிப் பொருள்படும். நிலையான நூலில் இடம் பெறாமல் மறைந்துவிடக்கூடிய எழுத்துகளை அக்காலம் அப்படித்தான் அழைத்தது. ‘உதிரி எழுத்து’ என்றால் தமிழில் அது உடனே விளங்கும். திரட்டு என்பதற்கும் நல்ல மரபு உண்டு. பழம்பாடல்களைத் திரட்டித் தந்த புறத்திரட்டு இல்லாவிட்டால் முத்தொள்ளாயிரத்தின் வெண்பாக்களை நாம் இழந்திருப்போம். காளமேகத்தின் வசைகளையும் சிலேடைகளையும் காத்துத் தந்தது தனிப்பாடல் திரட்டு. புறத்திரட்டு அதிகார முறையில் ஒழுங்காக அமைந்த நூல் ஆதலால், ‘திரட்டு’ என்று மட்டும் சொன்னால் ஒழுங்கின்மை புலப்படாது. ‘உதிரி’ என்ற அடை அதற்காகவே தேவைப்படுகிறது. ‘தனிப்பாடல் திரட்டு’ என்ற பெயரையே பயன்படுத்தலாமே என்றால், உரைநடைக்கு அதில் இடமில்லை.

எதிர்வாதங்களில் ஒன்று எனக்கே உறுத்துகிறது. கவிஞர் அலெக்ஸாண்டர் போப்பும் ஸ்விஃப்டும் 1727இல் சேர்ந்து வெளியிடத் தொடங்கிய மிசலனிகள், ஆசிரியர்களே தேர்ந்தெடுத்தவை. உதிரி என்று அவற்றைச் சொல்லலாமா? அவற்றின் முன்னுரையைப் படித்தால் சொல்லலாம் என்றே தெரிகிறது. தங்கள் அனுமதியின்றித் தங்கள் எழுத்துகளைப் பதிப்பாளர்கள் அச்சிட்டதையும், பிறர் எழுதியவற்றைத் தங்கள் தலையில் கட்டியதையும் அவ்விருவரும் அதில் குறைகூறுகிறார்கள். வான்புரூ, அடிசன் ஆகிய எழுத்தாளர் இருவரைத் தாக்கியதற்கு மட்டும் வருந்துகிறார்கள். சிதறிப்போன தம் பிள்ளைகளைப் பெற்றோரே தேடி அழைத்துவந்த நிகழ்ச்சி அது. போப்பின் ‘கூந்தல் கவர்தல்’ கவிதையும் 1712இல் லிண்டட் என்ற பதிப்பாளர் வெளியிட்ட பலர் கவிதைத் தொகுதி ஒன்றில் இரண்டு காண்டங்களாக, பெயரின்றி வந்து, 1714இல் ஐந்து காண்டங்களாக வளர்ந்து தனிநூலானது. உதிரி என்பது தரத்தைப் பற்றிய தீர்ப்பன்று, ஒரு படைப்பு அப்போது இருந்த நிலையைப் பற்றிய செய்தி மட்டுமே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ‘உதிரி பாகம்’ என்ற வழக்கால் இச்சொல் இயந்திரக் கடையை நினைவூட்டுகிறது என்ற கவலையைப் பொறுத்தவரை, பூவை விட்டு இயந்திரத்திடம் சொல்லை ஒப்படைக்க வேண்டியதில்லை என்பதே என் நிலை.

அங்கத உள்ளடக்கம் கொண்டவற்றை ‘அங்கத உதிரித்திரட்டு’ என்று அடைகொடுத்து வழங்கலாம். இங்கே தொல்காப்பியம் நமக்குக் கூடுதலாக உதவுகிறது. அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என இரண்டாக்கி, வெளிப்படையாக வைவதை வசை என்றும், மறைத்துச் சொல்வதைப் பழிகரப்பு என்றும் செய்யுளியல் பிரிக்கிறது. அவதூறு வழக்குக்கு அஞ்சி, தாக்கப்படுபவரின் பெயரில் முதலெழுத்தையும் இறுதியெழுத்தையும் மட்டும் அச்சிட்டு நடுவே கோடிட்டு விடுவது அக்கால ஆங்கில அச்சின் வழக்கம். கோட்டை நிரப்பிப் படிக்க வேண்டியது வாசகரின் வேலை. இந்த உத்தியைக் ‘கரந்த பெயர்’ என்று குறிக்கலாம் என்று கருதுகிறேன். பழிகரப்பு என்ற பழஞ்சொல்லோடு அது உறவாடும்.

சொற்பட்டியலில் சேர்க்க இந்த விளக்கத்தைத் தருகிறேன்: உதிரித்திரட்டு – பலர் அல்லது ஒருவர் வெவ்வேறு தருணங்களில் எழுதி, கையெழுத்துப் படிகளிலும் சிறுவெளியீடுகளிலும் இதழ்களிலும் சிதறிக் கிடந்த செய்யுளையும் உரையையும் பொருள்வரிசை கருதாமல் ஒன்றுசேர்த்த நூல், எழுதியவர் பெயர் இல்லாமலும் இருக்கலாம். ‘ஒருவர்’ என்பதை ஸ்விஃப்டின் 1711ஆம் ஆண்டுத் தொகுதியைக் கருதிச் சேர்த்திருக்கிறேன். அது வேண்டாம் என்று கருதுவோர் காரணத்தோடு எழுதினால், பட்டியலை இறுதி செய்யுமுன் விளக்கத்தைத் திருத்திவிடலாம்.

அன்புடன்.