அசெம்பிளியில் ஒரு குட்டி ஃபோர்த்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருப் பாலிடெக்னிக் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஃபோர்த் என்ற குட்டி நிரல் மொழியை 64 பிட் இன்டெல் அசெம்பிளியில், அதாவது பிராசசரின் கட்டளைகளையே நேரடியாக அடித்து, எழுதினோம். சி மொழி நூலகம் கிடையாது, லினக்ஸிடம் நேரடியாக வேலை கேட்கும் ரீட், ரைட், எக்ஸிட் சிஸ்டம் கால்கள் மட்டும்தான்.

மொழி எழுதுவது என்றாலே எல்லாரும் பார்சரை, அதாவது எழுதியதைப் பிரித்துப் புரிந்துகொள்ளும் பகுதியை, நினைத்துப் பயப்படுகிறார்கள். இங்கே அது இல்லவே இல்லை என்று சொல்லலாம். இடைவெளி வரும் வரை படி, அகராதியில் (ஃபோர்த்தில் கட்டளைகளைச் சொற்கள் என்போம், அவற்றின் பட்டியல் இது) தேடு, இருந்தால் ஓட்டு, இல்லாவிட்டால் எண்ணா என்று பார்த்து ஸ்டாக்கில் (கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கு) போடு. அவ்வளவுதான். உயிர்நாடி என்றால், அடுத்த சொல்லுக்குத் தாவவைக்கும் நெக்ஸ்ட் எனப்படும் இரண்டே கட்டளைகள்: லாட்ஸ்க்யூ, அது ஆர்எஸ்ஐ என்ற ரெஜிஸ்டர் (பிராசசருக்குள் இருக்கும் சின்ன சேமிப்பிடம்) காட்டும் இடத்திலிருந்து 8 பைட்டை ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டருக்கு எடுத்துக்கொண்டு ஆர்எஸ்ஐயை 8 நகர்த்திவிடும், அப்புறம் ஆர்ஏஎக்ஸ் காட்டும் இடத்தில் எழுதியிருக்கும் முகவரிக்கு ஒரு ஜம்ப். ஒவ்வொரு சொல்லும் இதில்தான் முடியும்.

பிள்ளைகள் திணறியது இஃப், தென் என்ற நிபந்தனைச் சொற்கள் இரண்டில்தான். இஃப் என்பது கம்பைல் ஆகும்போதே, அதாவது புதுச் சொல் உருவாகும்போதே, ஓடும் சொல். பூச்சியமென்றால் தாவு என்ற கட்டளையை எழுதும், எவ்வளவு தூரம் என்று அப்போது தெரியாததால் காலி இடம் விட்டு அதன் முகவரியை ஸ்டாக்கில் போட்டுவைக்கும். தென் வந்ததும் அதை எடுத்துத் தூரத்தை நிரப்பும். "இஃப்புக்குள்ள இஃப் வந்தா எது எதோட சேரும்?" என்று ஒருவன் கேட்க, அப்பா துறைமுகத்தில் வேலை பார்க்கும் பையன் சொன்னான்: "மேல வச்ச கன்டெய்னரைத்தானடா மொதல்ல எடுப்பாங்க." நான் விளக்க எதுவும் மிச்சமில்லை.

இன்னொன்று, தமிழிலேயே சொற்களுக்குப் பெயர் வைக்கலாம், ஏனென்றால் பெயர் வெறும் பைட்டுகள்தான். ஆனால் பெயரின் நீளத்துக்கு 5 பிட் மட்டும் ஒதுக்கும் வழக்கப்படி 31 பைட்டுக்கு மேல் போகாது. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப் 8 முறையில் நம் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட், புள்ளியும் கொம்பும் தனிக்கணக்கு. 'இரட்டிப்பு' 30 பைட் பிடிக்கிறது! நீளத்துக்கு முழு பைட் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

*

பெரம்பூரிலிருந்து. தம்பி, நான் இந்த மொழியைச் சந்தித்தது சர்வர் அறையில். பழைய சன் ஸ்பார்க் இயந்திரங்களில் ஓஎஸ் ஏறுவதற்கு முன்னால் 'ஓகே' என்று ஒரு ப்ராம்ப்ட் வரும், அது முழுக்க ஃபோர்த். பூட் கட்டளை மட்டும் அடித்துக்கொண்டிருந்தவன், ஒரு இரவு ஷிஃப்டில் 2 3 + அடித்து, இடைவெளி விட்டு ஒரு புள்ளி (ஸ்டாக்கின் மேலே இருப்பதைக் காட்டு என்று அர்த்தம்) வைத்தேன், 5 என்றது. ஒரு இயந்திரத்தின் அடிவயிற்றில் முழு மொழியே உட்கார்ந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஃபோர்த்தை உருவாக்கிய சார்லஸ் மூர் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிட் பீக் தொலைநோக்கிக்கு இதை ஓட்டியிருக்கிறார், அவ்வளவு சின்ன மெமரியில். பிள்ளைகளிடம் அதையும் சொல்லுங்கள்.

*

ராயபுரம். அண்ணா, நானும் எழுதிக்கொண்டிருக்கிறேன். கூட்டல், பெருக்கல் சரி, வகுத்தால் மட்டும் ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்ஸப்ஷன் என்று செத்துவிடுகிறது. நான் தசமமே பயன்படுத்தவில்லையே?

*

தண்டையார்பேட்டைதான் மறுபடியும். பெயர்தான் அப்படி தம்பி, முழு எண் வகுத்தல் கெட்டாலும் லினக்ஸ் நிரலை நிறுத்தும் அதே சிக்னலைத்தான் அனுப்பும். வகுத்தல் கட்டளையான ஐடிவ், ஆர்டிஎக்ஸ் என்ற ரெஜிஸ்டரையும் ஆர்ஏஎக்ஸையும் சேர்த்து 128 பிட் எண்ணாக எடுத்துக்கொள்ளும். ஆர்டிஎக்ஸில் பழைய குப்பை இருந்தால் ஈவு 64 பிட்டில் அடங்காது. ஐடிவ்வுக்கு முந்தின வரியில் சிக்யூஓ போடு, அது ஆர்ஏஎக்ஸில் இருப்பது நேர்மமா எதிர்மமா என்ற குறியை ஆர்டிஎக்ஸ் முழுக்கப் பரப்பிவிடும். ஆர்டிஎக்ஸைப் பூச்சியமாக்கினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதே, எதிர்ம எண்ணில் விடை தப்பாக வரும். மைனஸ் 7ஐ 2ஆல் வகுத்துப் பார்த்துவிட்டு இங்கேயே எழுது.