புதுப்பிப்பு: பேட்டரி சோதிக்க மலிவான கருவி

தண்டையார்பேட்டையில் காலையில் கிளம்பத் திணறும் என் பழைய காரின் பேட்டரியைச் சோதிக்க மலிவான கருவி எது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

வோல்ட் அளக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரே போதும், ஸ்டார்ட் செய்யும்போதும் அளந்து பாருங்கள் என்ற யோசனைதான் கைகொடுத்தது. ரிச்சி தெருவில் 350 ரூபாய்க்கு வாங்கினேன். இரவெல்லாம் ஓய்ந்திருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. நல்ல நிலைதான். ஆனால் சாவியைத் திருப்பியதும் 8.9க்கு விழுந்தது. 9.6க்குக் கீழே போனால் பேட்டரி பலவீனம் என்பதால் மாற்றிவிடவே நினைத்தேன்.

எதிர்பாராதது இதுதான்: மீட்டர் முனையை, பேட்டரியில் வயரைப் பிடித்திருக்கும் கவ்வியிலிருந்து எடுத்து, பேட்டரியின் ஈய முனையின் மீதே வைத்து ஸ்டார்ட் செய்து அளந்தால் 10.7! இடையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்த உப்புதான் காரணம். நெகட்டிவ் கவ்வியை முதலில் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரால் இரண்டையும் தேய்த்துக் கழுவினேன். இப்போது கவ்வியிலும் 10.6. கார் ஒரே திருப்பலில் கிளம்புகிறது.