மாட்டுக்கும் குதிரைக்கும் கொடுக்கும் குரல்: கலைச்சொல் ‘செலுத்துகுரல்’ ஆகலாமா?

அன்புடையீர்,

மாட்டையும் குதிரையையும் வாயால் செலுத்தும் குறிகளுக்கு ‘ஏவற்சொல்’ என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். இலக்கணம் படித்தவர்க்கு அது ஏவல் வினைமுற்றையே நினைவூட்டும். ‘கட்டளை’யைக் கணினித்துறை எடுத்துக்கொண்டுவிட்டது. ‘ஓட்டுமொழி’ அழகுதான், ஆனால் மதுரையில் அதைத் தேர்தலோடு சேர்த்துத்தான் படிப்பார்கள்.

என் தயக்கமெல்லாம் ‘சொல்’ என்ற பகுதியைப் பற்றியது. அமெரிக்க எருதோட்டி மாடுகளின் இடப்பக்கம் நடந்தபடி, வலம் திரும்ப ‘ஜீ’ என்றும், இடம் திரும்ப ‘ஹா’ என்றும், நிற்க ‘வோ’ என்றும் சொல்கிறார். ஒவ்வொன்றுக்கும் வரையறுத்த பொருள் உண்டு. மேலூர்ப் பக்கம் மேழி பிடிப்பவரோ ஏருக்குப் பின்னால் நடக்கிறார். உழுசால் முடிந்து இடப்பக்கம் திரும்பும்போது, இடத்து மாட்டை அடக்கி வலத்து மாட்டை முடுக்குவதற்குக் கயிற்றின் இழுப்பும் தார்க்கம்பின் தொடுகையும் ‘ஹை’ என்ற அதட்டலும் சேர்ந்தே வேலை செய்கின்றன. அங்கே எழுத்தைவிட நீட்டலும் வெட்டலுமே பொருளைச் சுமக்கின்றன.

மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கமலை இதை இன்னும் தெளிவாகக் காட்டும். மோட்டார் வருமுன் கிணற்றடியில், சால் நிறைந்ததும் (உழவின் சால் வேறு, இது நீர் முகக்கும் சால்) மாடுகள் வடத்தை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கும். நீர் கொட்டியதும் முகம் திருப்பாமல் பின்வாங்கியே மேடேறும். அங்கே இடம் வலம் என்ற பேச்சுக்கே இடமில்லை, முன்னும் பின்னும்தான். நாம் ஆக்கும் சொல் இந்தப் பின்வாங்கலையும் தாங்க வேண்டும்.

முல்லைப்பாட்டில் பாகர்கள் யானைக்கு ‘வடமொழி பயிற்றி’க் கவளம் ஊட்டுவதைக் காட்டி, ‘மொழி’ என்றே முடிக்கலாம் என்று ஒருவர் கேட்கக்கூடும். விலங்கிடம் பேசுவதற்குத் தாம் பேசும் மொழியே வேண்டியதில்லை என்பதற்கு அது நல்ல சான்று. ஆயினும் இன்றைய வழக்கில் ‘மொழி’ தமிழ், ஆங்கிலம் போன்ற முழு மொழியைக் குறிக்கும் அளவுக்கு விரிந்துவிட்டது.

ஆகவே ‘செலுத்துகுரல்’ என்பது என் பரிந்துரை. வினைத்தொகையாதலால் வல்லினம் மிகாது. அதன் கீழ் இடக்குரல், வலக்குரல், நிறுத்துகுரல், பின்வாங்குகுரல் என வகைகள் இயல்பாக அமையும். பந்தய வண்டிச் சாரதியின் அதட்டலும் இதில் அடங்கும். குதிரைக்கு நாக்கை மேலண்ணத்தில் சொடுக்கும் ஒலி மட்டும் இடறுகிறது. தொண்டையில் பிறவாததைக் குரல் என்பது பொருந்தாது என்பீர்களானால், ‘நாச்சொடுக்கு’ என்று தனிப் பதிவாகவே வைத்துவிடலாம்.